இரவில் இறங்காத ரத்த அழுத்தம்: நடந்தே குறைத்த கதை

கையில் பட்டை கட்டி, பகலும் இரவும் விட்டு விட்டு அளவெடுக்கும் 24 மணி நேர ரத்த அழுத்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள், தூங்கி எழும் நேரத்தைக் குறிக்கும் தாளை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். எனக்கு அதைத் தரவே இல்லை. வேலை அப்படி, நான் படுக்கவே இரவு ஒரு மணி ஆகிவிடும். அறிக்கையிலோ பத்து மணியிலிருந்து ஆறு மணி வரை தூக்கம் என்று போட்டிருந்தார்கள். கணினி முன் விழித்திருந்த மூன்று மணி நேரமும் தூக்கக் கணக்கில் சேர்ந்துவிட்டது. கேட்டதற்கு, “அது மெஷினே போடுவது, மாற்ற முடியாது” என்று சொல்லி ஊழியர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. விடாமல் மருத்துவரிடமே போய்ச் சொன்னேன். பதிவான அளவுகள் அப்படியே இருந்தன. நேரத்தைத் திருத்தியதும் புது அறிக்கை வந்துவிட்டது.

அதிலும் நல்ல சேதி இல்லை. மேல் அளவு பகலில் சராசரி 132, தூக்கத்தில் 127. வழக்கமாக 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டியது, எனக்கு 4 சதவீதம்கூட இறங்கவில்லை. சிறுநீரகம், சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்பது எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான், மாத்திரையைத் தொடரச் சொல்லி, கூடவே வாரம் 150 நிமிடம் வேக நடையும் கொஞ்சம் எடைப் பயிற்சியும் எழுதிக் கொடுத்தார். குறட்டை விடுகிறவர்கள் அந்தத் தூக்கப் பரிசோதனையைத் தட்டிக் கழிக்க வேண்டாம். காரணம் அங்கே இருந்தால் நடை மட்டும் போதாது.

நடை சீக்கிரமே பழகிவிட்டது. தொல்லை எடைப் பயிற்சியில்தான். தூக்கும்போது மூச்சை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார் பயிற்சியாளர். அது அழுத்தத்தை அந்த நொடியிலேயே மேலே ஏற்றிவிடும். மறுத்துவிட்டேன். குறைந்த எடை, தூக்கும்போது மூச்சை வெளியே விடுவது, அவ்வளவுதான். பீட்டா பிளாக்கர் வகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நாடித்துடிப்பை நம்பி வேகத்தைக் கூட்டாதீர்கள். மருந்து துடிப்பை அடக்கி வைத்திருக்கும். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும்.

சில மாதங்கள் கழித்து மறுபடியும் கைப்பட்டை. பட்டையில் காற்று ஏறும்போது கையை அசைத்தால் அளவு பதிவாகாது. இரவில் போதிய அளவுகள் விழாவிட்டால் பரிசோதனையே வீண். அதனால் பட்டை கட்டிய கையைத் தலையணை மீது நீட்டி வைத்துப் படுத்தேன். தூக்க நேரத்தை இந்த முறை நானே எழுதி, அவர்கள் கணினியில் ஏற்றும் வரை பக்கத்திலேயே நின்றேன். பகல் 126, இரவு 112. தாளைக் கையில் வாங்கியபோது கண் கலங்கிவிட்டது.

எல்லோருக்கும் இப்படி இறங்கும் என்று சொல்ல மாட்டேன். உடற்பயிற்சியால் பகல் அழுத்தம் குறைகிற அளவுக்கு இரவில் குறையாமல் போவதும் உண்டு. அப்போது சதவீதம் முன்பைவிட மோசமாகத் தெரியும். பயந்து நடையை நிறுத்திவிடாதீர்கள். இரவுச் சராசரி 120/70-க்குக் கீழே வந்திருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். மாத்திரையை நான் இன்னும் விடவில்லை. அதைக் குறைப்பதா என்பதை அடுத்த அறிக்கையைப் பார்த்து மருத்துவர் சொல்வார்.