டிசம்பர் 31-இல் சாகவேண்டிய சட்டங்கள்

பிரிட்டனில் ரகசிய வாக்குச்சீட்டைக் கொண்டுவந்த 1872-ஆம் ஆண்டுச் சட்டம், 1880 டிசம்பர் 31 வரைதான் செல்லும் என்று அதிலேயே எழுதியிருந்தது. அதன்பின் 1918 வரை அதை வருடா வருடம் நீட்டித்தே ஓட்டினார்கள். அதற்கென்றே ஒரு சட்டம் இருந்தது: எக்ஸ்பயரிங் லாஸ் கன்டினியூவன்ஸ் ஆக்ட், அதாவது காலாவதியாகும் சட்டங்களை நீட்டிக்கும் சட்டம்.

அமைப்பு ரொம்ப எளிது. மசோதாவின் உடல் ஓரிரு பிரிவுதான். சரக்கெல்லாம் கடைசியில் வரும் அட்டவணையில். எந்தச் சட்டம், அதில் எந்தப் பகுதி தொடர்கிறது, அதைத் திருத்திய சட்டங்கள் எவை என்று வரிசை வரிசையாக இருக்கும். அட்டவணையில் இடம்பிடித்த சட்டத்துக்கு இன்னொரு வருட ஆயுள்.

உறுப்பினர் என்ன செய்யலாம் என்பதில்தான் சூட்சுமம். ஒரு வரியை அட்டவணையிலிருந்து நீக்கச் சொல்லலாம். தேதியைக் குறைக்கச் சொல்லலாம். அந்தச் சட்டத்தின் வாசகத்தில் கைவைக்க முடியாது. அதை நிரந்தரமாக்கவும் கோர முடியாது. இரண்டுமே மசோதாவின் வரம்புக்கு வெளியே. ஆக, ஒரு சட்டத்தில் ஒரு பிரிவு மட்டும் மோசம் என்று நினைப்பவருக்கும் 'வேண்டும்', 'வேண்டாம்' என்ற இரண்டே பதில்தான். 1919-இல் ஒரு வருடத்துக்கென்று நீட்டித்த போர்க்கால அந்நியர் கட்டுப்பாட்டு அதிகாரங்கள், 1971-இன் குடியேற்றச் சட்டம் வரும்வரை இப்படித்தான் உயிரோடு இருந்தன. 1962-இன் காமன்வெல்த் குடியேறுவோர் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்த தொழிற்கட்சி, 1964 அக்டோபரில் ஆட்சிக்கு வந்ததும் அடுத்த மாதமே அதை நீட்டிக்க முன்வந்தது.

நீட்டிப்பு மசோதா அரச ஒப்புதல் பெறுமுன் தேதி தாண்டிவிட்டால்? அதற்கு 1808-இல் ஒரு சட்டம் போட்டார்கள். சட்டம் காலாவதியாகும் அதே கூட்டத்தொடரில் மசோதாவை அறிமுகம் செய்திருந்தால், நீட்டிப்பு பழைய தேதியிலிருந்தே செல்லும். ஆனால் இடைப்பட்ட நாட்களில் மீறியவருக்குத் தண்டனை கிடையாது. நடந்துகொண்டிருக்கும் வழக்குகள் தனிச் சிக்கல். பிரிட்டனின் 1978-ஆம் ஆண்டு பொருள்விளக்கச் சட்டம், காலாவதியையும் நீக்கம் போலவே கருதி அவற்றைக் காப்பாற்றுகிறது. இந்தியாவில் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் (ஜெனரல் கிளாசஸ் ஆக்ட்) 6-ஆம் பிரிவு நீக்கத்துக்கு மட்டுமே பொருந்தும். தற்காலிகச் சட்டம் காலாவதியானால், வேறு சிறப்பு ஏற்பாடு இல்லாதவரை, அதன்கீழ் நடக்கும் நடவடிக்கைகளும் அத்தோடு முடிந்தன என்று 1951-இல் எஸ். கிருஷ்ணன் எதிர் சென்னை மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதினார். தற்காலிகச் சட்டம் வரைகிறவர், நடப்பு வழக்குகளைக் காக்கும் காப்புப் பிரிவை மறந்தால் விலை இதுதான்.

இந்த வருடாந்தரச் சடங்குக்குப் பல் இருந்த இடங்களும் உண்டு. அமைதிக் காலத்தில் நாடாளுமன்ற ஒப்புதலின்றி நிலைப்படை (நிரந்தர ராணுவம்) வைத்திருப்பது சட்டவிரோதம் என்றது 1689-இன் உரிமைப் பிரகடனம். ராணுவ ஒழுங்குச் சட்டமும் ஆண்டுக் கணக்கில்தான் கிடைத்தது. வருமான வரியும் அப்படியே: ஏப்ரல் 5-உடன் முடிந்துவிடும், ஒவ்வொரு நிதிச் சட்டமும் புதிதாக விதிக்கவேண்டும். நிதிச் சட்டம் வருமுன் அவையின் தீர்மானத்தை மட்டும் வைத்து வரி பிடித்தது செல்லாது என்று 1912-இல் முன்னாள் எம்.பி. கிப்சன் பவுல்ஸ், இங்கிலாந்து வங்கிக்கு எதிரான வழக்கில் வென்றார். அடுத்த ஆண்டே தற்காலிக வசூலுக்கு அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது.

வித்தியாசம் எங்கே? படையும் வரியும் நின்றால் அரசுக்கு வலிக்கும். அதனால் அவைக்குப் பேரம் பேச ஏதோ இருந்தது. அந்நியர் சட்டம் போன்றவற்றில் வலி யாருக்கோ. அவர்களில் பலருக்கு ஓட்டும் இல்லை. இலங்கையில் இந்தச் சிரமம்கூட இல்லை. 1979-இன் பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தின் மூன்றாண்டு வரம்பை 1982-இல் ஒரே திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள்.

ராணுவத்துக்கும் இப்போது ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் முழுச் சட்டம். நடுவில் வரும் வருடங்களுக்கு ஓர் ஆணை போதும். ஈரவையும் அதை ஏற்கலாம், மறுக்கலாம். ஒரு சொல்லையும் மாற்ற முடியாது.