கார்ட்ரிட்ஜும் ஒரு நாலணாவும்

ஜூன் 7, 2025, சனி

இசைத்தட்டில் ஓடும் முள்ளைத் தாங்கும் சின்னத் தலை, அதான் கார்ட்ரிட்ஜ், வந்துவிட்டது. ஆடியோ-டெக்னிக்கா விஎம்95இ. ரெக்கார்டு பிளேயர் பழைய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200எம்கே2, செகண்ட் ஹேண்ட். கார்ட்ரிட்ஜைப் பூட்டும் ஹெட்ஷெல்லைத் தனியே கழற்றி மேஜையில் வைத்து வேலை பார்க்கலாம் என்பதே பெரிய நிம்மதி. முதலில் முள்ளை உருவி டப்பாவில் வைத்தேன். ஸ்க்ரூ டிரைவர் ஒரு தடவை வழுக்கினால் போச்சு.

நாலு ஒயர். வெள்ளை இடது, நீலம் அதன் எர்த். சிவப்பு வலது, பச்சை அதன் எர்த். புருவம் பிடுங்கும் ட்வீசரால் ஒவ்வொன்றாகப் பின்னில் செருகவே முக்கால் மணி நேரம். பச்சை மட்டும் மூன்று தடவை கழன்றது.

கண்ணளவில் நேராக வைத்து இறுக்கினேன். கார்ட்ரிட்ஜைச் சுமக்கும் பிளேயரின் கை அந்தரத்தில் மிதக்கும்வரை பின்னாலுள்ள எடையைத் திருகி, அந்த இடத்தைப் பூஜ்யமாக்கி, முள்ளின் அழுத்தத்தை 2 கிராமுக்குத் திருப்பினேன். கை நடுப்பக்கம் இழுபடாமல் பிடிக்கும் ஆன்டி-ஸ்கேட்டும் 2.

பாடியது! முதல் பாட்டு அமிர்தம். கடைசிப் பாட்டில் ஒவ்வொரு "ஸ"வும் சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி.

ஜூன் 8, ஞாயிறு

ஏன் கடைசிப் பாட்டில் மட்டும்? நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பது எங்கேயும் ஒன்றுதான். ஆனால் தட்டின் ஓரத்தில் முள்ளுக்கடியில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. தடம் ஓடுகிறது. லேபிள் பக்கம் வந்தால் 21தான். அதே "ஸ" பாதி இடம்கூட இல்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. முள் கொஞ்சம் கோணினாலும் அங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு சங்கதி. தட்டை வெட்டும் முள் நேர்கோட்டில் நடுவை நோக்கிப் போகும். நம் கையோ ஒரு மூலையில் ஊன்றிக்கொண்டு வில்லாக வளைகிறது. என்ன செய்தாலும் இரண்டே இடத்தில்தான் முள் தடத்தோடு ஒத்து நிற்கும். 1938-ல் லோஃப்க்ரென், 1941-ல் பேர்வால்ட் போட்ட கணக்கை வைத்து இப்போது புழக்கத்தில் இருப்பது, நடுவிலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. மற்ற இடமெல்லாம் அனுசரித்துப் போக வேண்டியதுதான்.

ஜூன் 11, புதன்

ஜெராக்ஸ் கடையில் அந்த இரண்டு புள்ளியும் கோடும் போட்ட புரோட்ராக்டர் தாளைப் பிரின்ட் எடுத்தேன். முள்ளைப் புள்ளியில் இறக்கி, டார்ச் அடித்து, முள்ளைத் தாங்கும் அந்த மயிரிழைக் குழாய் கோட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு புள்ளியில் சரி செய்தால் மற்றது கெடும். பதினோரு முறை. கடைசியில் கார்ட்ரிட்ஜ் ஹெட்ஷெல்லின் முன் விளிம்புக்கே வந்து, லேசாக உள்பக்கம் திரும்பி நிற்கிறது. பார்க்கக் கோணல். இதுதான் நேராம். "ஸ" பாதி அடங்கிவிட்டது.

படுக்கப் போகுமுன் சும்மா ஸ்கேல் வைத்துப் பார்த்தால், 66 இருக்க வேண்டிய இடத்தில் 64! தாளுக்குள் அடக்கப் பிரின்டர் 97 சதவீதமாகச் சுருக்கியிருக்கிறது. வாங்கும்போதே அளக்காதது என் தப்பு.

ஜூன் 14, சனி

புதுத் தாள். கடையிலேயே நின்று அளந்தேன். மறுபடி அத்தனை கூத்தும். உண்மையைச் சொன்னால் 64-க்கும் 66-க்கும் என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான். எடையைக் குட்டி டிஜிட்டல் தராசில் பார்த்தேன், 1.9. இரண்டுக்குத் தள்ளினேன்.

புதிதாக வாங்கிய தட்டு கடைசிவரை சுத்தம். அப்பாவின் பழைய எச்.எம்.வி. தட்டில் மட்டும் சீறல் போகவில்லை.

அப்பா எட்டிப் பார்த்தார். "இதுக்கு எதுக்குடா இவ்ளோ பாடு? தலைமேல ஒரு நாலணா வெச்சா முடிஞ்சுது. நாங்க அப்படித்தான் கேட்டோம்." பீரோவைத் துழாவி ஒன்றை எடுத்தும் வந்துவிட்டார். தராசில் வைத்தேன். 2.5 கிராம். முள் ஏற்கெனவே அழுத்துவதற்கு மேல் இது.

"அதான்ப்பா தட்டு இப்படி இருக்கு."

"முள்ளு தாவிக்கிட்டே இருந்தா பாட்டை எப்படிடா கேக்கிறது?"

நாலணாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அந்தக் கடைசிப் பாட்டையே மறுபடி போடச் சொன்னார்.