பண்டிகை நாலு நாள், டப்பா நாற்பது நாள்

தீபாவளி முடிந்த முதல் திங்கட்கிழமை உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் அநேகமாக ஒரே பேச்சோடுதான் உட்காருவார்கள். "ரெண்டு நாள்தான் மேடம் சாப்பிட்டேன், மூணு கிலோ ஏறிடுச்சு." எடைக் கருவி பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று கிலோவும் கொழுப்பு இல்லை. ஒரு கிலோ கொழுப்பு சேர, செலவுக்கு மேல் தோராயமாக 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். மூன்று கிலோவுக்கு 23,000. இரண்டு நாளில் அவ்வளவையும் சாப்பிட எந்த வயிற்றிலும் இடமில்லை. நடந்தது வேறு. சோறும் இனிப்பும் கூடும்போது உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகக் கல்லீரலிலும் தசையிலும் சேர்த்துவைக்கிறது. அதில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். முறுக்கு, மிக்சர், பிரியாணி வழியாக வந்த உப்பும் தன் பங்குக்கு நீரை நிறுத்திக்கொள்ளும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் இதில் பெரும்பகுதி ஒரு வாரத்துக்குள் இறங்கிவிடும்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. அந்த எண்ணைப் பார்த்துப் பயந்தவர்கள் செவ்வாய்க்கிழமை முதல் பட்டினி கிடக்கிறார்கள், வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் பிரித்துவைத்த இனிப்புப் பெட்டியின் முன்னால் தோற்றுப்போகிறார்கள். எடை உண்மையில் ஏறுவது அங்கேதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தீபாவளியன்று ஒருவர் வழக்கத்தைவிட 1,500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டாலும் அது 200 கிராம் கொழுப்புக்குச் சமம். மாலை மூன்றரை மணி டீயோடு தினமும் ஒரு லட்டும் (40 கிராம், ஏறக்குறைய 170 கலோரி) ஒரு கைப்பிடி மிக்சரும் (30 கிராம், 160 கலோரி) என்று இருபது வேலைநாள் போனால் 6,600 கலோரி. அது முக்கால் கிலோவுக்கும் மேல். அதைச் சாப்பிட்டதாகவே யாரும் சொல்வதில்லை. "டெய்லி என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் இட்லி, சாதம், சப்பாத்தி எல்லாம் வரும், மூன்றரை மணி மட்டும் வராது.

2000-ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, நவம்பர் கடைசியில் வரும் நன்றி நவிலல் நாளிலிருந்து புத்தாண்டு வரை 195 பேரின் எடையைப் பார்த்தது. சராசரி ஏற்றம் 0.37 கிலோதான். தங்களுக்கு எவ்வளவு ஏறியிருக்கும் என்று அவர்கள் நினைத்ததோ இதைப்போல் பல மடங்கு. ஆனால் அந்தச் சிறு ஏற்றம் பிறகு வந்த மாதங்களில் இறங்கவே இல்லை. பத்து வருடத்தில் பேண்ட் அளவு இரண்டு தாண்டுவது இப்படித்தான்.

நம் ஊரில் இந்தக் காலம் இன்னும் நீளம். தீபாவளியில் தொடங்கினால் கார்த்திகைப் பொரி உருண்டை, அப்பம், டிசம்பரில் அலுவலகத்துக் கிறிஸ் மா கிறிஸ் சைல்டு என்ற ரகசியப் பரிசு விளையாட்டும் பிளம் கேக்கும், புத்தாண்டு பஃபே, மார்கழிக் கோயில் பொங்கல், பிறகு தைப்பொங்கல் என்று பத்துப் பன்னிரண்டு வாரம் ஓடும். ஆகவே இந்த வாரங்களில் எடையைக் குறைக்கும் திட்டம் எதையும் நாங்கள் கையில் கொடுப்பதில்லை. இருக்கும் எடை ஏறாமல் நின்றாலே போதும் என்பதுதான் இலக்கு. குறைப்பதைத் தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் அலுவலகத்து மேசை. ஒரு கிலோ பெட்டியில் ஏறக்குறைய 25 துண்டு இருக்கும். அது கண்ணுக்கு நேரே, மூடி திறந்து, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் பசியே இல்லாதவரும் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று எடுப்பார். அதே பெட்டியை மூடிப் பேன்ட்ரி அலமாரிக்குள் வைத்தால் எழுந்து நடந்து திறந்து எடுக்க வேண்டும். பாதிப் பேர் எழவே மாட்டார்கள். பக்கத்தில் ஒரு கத்தி வைத்து ஒவ்வொரு துண்டையும் நான்காக நறுக்கிவைப்பது இதைவிட நன்றாக வேலை செய்யும். ருசி பார்த்த திருப்தி முதல் கடியிலேயே வந்துவிடுகிறது. "எங்க அம்மா செஞ்சது சார், ஒண்ணே ஒண்ணு" என்று நீட்டுபவரிடம் வேண்டாம் என்று சொல்வது சங்கடம். கால் துண்டை எடுத்து, அவர் முன்னாலேயே வாயில் போட்டு, நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அவர் மனமும் நோகாது.

மனிதவளத் துறையினர் இனிப்புக்குப் பதில் உலர்பழப் பெட்டி கொடுத்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். வறுத்த உப்பு முந்திரி 30 கிராம் 180 கலோரி. ஒரு சினிமா பார்த்து முடிப்பதற்குள் 200 கிராம் டப்பா காலி. உலர்பழம் நல்லதுதான், டப்பாவோடு மடியில் வைத்துக்கொள்ளாமல் ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டால்.

இனிப்பு எல்லாம் ஒன்றில்லை. 100 கிராம் கடலைமாவுக்கு 200 கிராம் சர்க்கரை, 250 கிராம் நெய் என்று மைசூர்பாகு கிளறினால் மொத்தம் 3,400 கலோரி. கிடைப்பது 550 கிராம் அளவு. 40 கிராம் துண்டு ஒன்று 250 கலோரி. அதே நேரம், நன்றாகப் பிழிந்து எடுத்த ஒரு ரசகுல்லா அதில் பாதிகூட இல்லை. "நாங்க நாட்டுச்சர்க்கரைதான் போட்டோம்" என்பது அடிக்கடி கேட்கும் சமாதானம். வெல்லமோ, நாட்டுச்சர்க்கரையோ, கருப்பட்டியோ, வாசனையும் நிறமும் வேறே தவிர கலோரி கணக்கில் சர்க்கரைக்கு அண்டை வீடுதான். பேரீச்சையும் அத்திப்பழமும் நெய்யும் முந்திரியும் சேர்த்துச் செய்து 'சர்க்கரை இல்லாதது' என்று ஒட்டிய பர்பியும் அப்படியே. அந்த ஒட்டுச்சீட்டைப் பார்த்து இரண்டாகச் சாப்பிடுகிறார்கள் என்பதுதான் அதில் உள்ள கூடுதல் ஆபத்து. சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளுக்கு 25 கிராமுக்குள் நிற்பது மேல் என்பது 2015-இல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. பாகில் ஊறிய ஒரு குலாப்ஜாமூனும் இரண்டு காபியும் போதும், அந்தக் கணக்கு முடிந்துவிடும்.

வீட்டில் செய்பவர்களுக்குச் சொல்வது இரண்டே விஷயம். லட்டை எலுமிச்சை அளவில் பிடிக்காமல் பெரிய நெல்லிக்காய் அளவில் பிடியுங்கள். எண்ணிக்கை அதே, எடை பாதி. மற்றது எண்ணெய். முறுக்கு எண்ணெய் குடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம்தான். எண்ணெய் 170, 180 டிகிரி காயும் முன்பே பிழிவது, ஒரே ஈட்டில் ஆறேழு போட்டுச் சூட்டை இறக்கிவிடுவது, மாவில் வெண்ணெயை அள்ளிப் போடுவது. துளி மாவைப் போட்டால் அடியில் தங்காமல் உடனே மேலே வர வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. வேகும்போது உள்ளிருந்து நீராவி வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் எண்ணெய் அதிகம் உள்ளே போகாது. வெளியே எடுத்து ஆறும்போதுதான் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை முறுக்கு உறிஞ்சுகிறது. ஆகவே எடுத்தவுடன் ஜல்லிக்கரண்டியிலேயே நன்றாக உதறி, வடிதட்டில் ஒன்றன்மேல் ஒன்று குவிக்காமல் சாய்த்து வையுங்கள். எடுத்த சூட்டோடு எவர்சில்வர் தூக்கில் கொட்டினால் அடியில் இருப்பவை எல்லாம் எண்ணெயில் ஊறும். செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை ஒட்டும்.

கடையில் வாங்குபவர்கள் பால் இனிப்பையும் நெய் இனிப்பையும் தனித்தனிப் பெட்டியில் வாங்குவது நல்லது. பால் இனிப்பு இரண்டு மூன்று நாளில் கெடும். கெட்டுவிடுமே என்று மூன்றாம் நாள் இரவு வீட்டில் யாராவது ஒருவர், பெரும்பாலும் அம்மா, எல்லாவற்றையும் தின்று தீர்ப்பார். சில்லறையாக விற்கும் இனிப்புத் தட்டில் எந்தத் தேதி வரை நன்றாக இருக்கும் என்று எழுதிவைப்பது 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயம். அதைப் பார்த்து, அந்தத் தேதிக்குள் வந்துபோகிறவர்களுக்குக் கொடுத்து முடிகிற அளவே வாங்கலாம்.

தீபாவளிக் காலையை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். எண்ணெய்க் குளியல் முடிந்து ஐந்து மணிக்கு வெறும் வயிற்றில் இரண்டு மூன்று இனிப்பு என்பதுதான் வழக்கம். சர்க்கரை விர்ரென்று ஏறும், ஒன்பது மணிக்குள் மறுபடி பசிக்கும். அசைவ வீடுகளில் எப்படியும் இட்லியும் கறிக்குழம்பும் உண்டு. அதை முதலில் சாப்பிட்டுப் பிறகு ஓர் இனிப்பு என்று வரிசையை மாற்றினால் போதும். சைவ வீட்டில் இட்லியோடு கெட்டியான சாம்பார், அல்லது ஒரு கிண்ணம் சுண்டல். புரதம் முன்னால் போனால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். தீபாவளி லேகியம் சுண்டைக்காய் அளவு மருந்து. அதிலும் வெல்லமும் நெய்யும்தான் பாதி. மந்தத்தை அது சரிசெய்யலாம், கலோரியைக் கரைக்காது.

டிசம்பர் பஃபே வேறு விளையாட்டு. சுட்ட பண்டங்களை மேசைக்கே கொண்டுவரும் உணவகங்களில் ஒரு சின்னக் கொடி நட்டிருப்பார்கள். அதை நீங்கள் சாய்க்கும்வரை தட்டு வந்துகொண்டே இருக்கும். சுட்ட மீன், கோழி, பன்னீர் என்று ஆறேழு துண்டு ஆனதும் கொடியைச் சாய்த்துவிடுங்கள். அங்கே எண்ணெய்க் கிணறு என்றால் அது மாவில் புரட்டிப் பொரித்த கிறிஸ்பி கார்னும் கோபி மஞ்சூரியனும்தான், கோழி இல்லை. பிறகு தட்டை எடுக்காமல் எல்லாப் பாத்திரங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, வீட்டில் கிடைக்காத மூன்றை மட்டும் எடுப்பது. சாம்பார் சாதமும் நூடுல்ஸும் நாளைக்கும் கிடைக்கும். "கொடுத்த காசுக்குச் சாப்பிட வேண்டாமா?" என்பார்கள். காசு கொடுத்தது கம்பெனி.

அந்த மதியத்துக்காகக் காலைச் சாப்பாட்டை விடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஒரு மணிக்குப் போய் உட்காரும்போது இருக்கும் பசி தேர்ந்தெடுக்க விடாது. காலையில் இரண்டு முட்டையும் இரண்டு இட்லியும், பதினொன்றரைக்கு ஒரு டம்ளர் மோரும் என்று போனவர்தான் கொடியைச் சாய்ப்பார். முடிந்ததும் வண்டியில் ஏறும் முன் பத்துப் பதினைந்து நிமிடம் நடை.

மது அருந்துகிறவர்களுக்கு ஓர் எண்ணிக்கை. 42.8 சதவீத விஸ்கி 60 மில்லியில் ஏறக்குறைய 140 கலோரி. அதில் ஊற்றும் கோலாவும் பக்கத்துக் கடலை வறுவலும் தனிக் கணக்கு. இதைவிட முக்கியமானது மாத்திரை. சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் குடித்தால், பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில்கூடச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். தள்ளாட்டத்தைப் போதை என்று நினைத்துப் படுக்கவைத்துவிடுவார்கள்.

இதே எச்சரிக்கை விரதத்துக்கும் பொருந்தும். தீபாவளி அமாவாசைக்கு மறுநாளே கந்த சஷ்டி தொடங்கி ஆறு நாள். தின்றதை விரதம் ஈடுகட்டிவிடும் என்று பாலும் பழமுமாக இருந்துகொண்டு, மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போடுகிறவர்கள் உண்டு. மாத்திரை அளவை மருத்துவரிடம் கேட்டு, தீபாவளிக்கு முன்பே மாற்றி எழுதி வாங்கிவிட வேண்டும்; தானாகக் கூட்டிக் குறைப்பது கூடாது.

மார்கழியில் நடப்பது எளிய தவறு. விடியற்காலை கோயிலில் ஒரு தொன்னை வெண்பொங்கல், எட்டரைக்கு வீட்டில் மறுபடி நாலு தோசை. பொங்கலைப் பிரசாதம் என்று கணக்கில் சேர்ப்பதில்லை. அதுவே காலைச் சாப்பாடு. வீட்டுக்கு வந்து ஒரு முட்டையோ சுண்டலோ சேர்த்துக்கொண்டால் சரி.

எடை பார்ப்பது வாரம் ஒரு முறை போதும். வெள்ளிக்கிழமை காலை, கழிவறை போய்விட்டு வந்து, எதுவும் குடிப்பதற்கு முன், ஒரே கருவியில். பண்டிகைக்கு மறுநாள் பார்க்கவே வேண்டாம். இரண்டு வாரம் தொடர்ந்து அரைக் கிலோவுக்கு மேல் ஏறியே நின்றால் மூன்றரை மணி டீயில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எடைக் கருவி இல்லாத வீட்டில் தையல் டேப் போதும். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது அளவு. துணியை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். இந்தப் பத்து வாரமும் உடுத்துவது வேட்டியும் புடவையும் எலாஸ்டிக் வைத்த சுடிதாரும்தான். அவை எதுவும் இறுகாது. அரைஞாண் கயிறு கட்டியவர்களுக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.