டவுன்ஸ்வில் நாட்குறிப்பு: ஏழாம் எண் சட்டை

24 மார்ச் 2015, செவ்வாய்

ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊர் ரக்பி லீக் அணி கௌபாய்ஸுக்குச் சீசன் தொடங்கி மூன்று ஆட்டம். மூன்றிலும் தோல்வி. இன்று கிளினிக்குக்கு வந்தவர்கள் தங்கள் முழங்காலைப் பற்றிப் பேசியதைவிட அணியின் நட்சத்திரம் ஜே.டி.யைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். ஜொனாதன் தர்ஸ்டன் என்று முழுப்பெயரைச் சொன்னால் இந்த ஊரில் வெளியூர்க்காரன் என்று பார்ப்பார்கள்.

சென்னையிலிருந்து அண்ணன் போனில், "ரக்பின்னா ரக்பி, அதுல என்னடா லீக்கு?" என்று கேட்டார். ரக்பியில் இரண்டு வகை: யூனியனில் அணிக்கு 15 பேர், லீக்கில் 13. பந்து கையில் இருக்கும் அணியை ஆறு முறை மடக்கிவிட்டால், அதாவது ஆறு டாக்கிள் ஆனால், பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் ஐந்தாவது டாக்கிள் முடிந்ததும் பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுவார்கள். எங்கே, எவ்வளவு உயரத்தில், யார் தலைக்குமேல் என்பதையெல்லாம் முடிவு செய்வது பெரும்பாலும் ஏழாம் எண் சட்டைக்காரர், ஹாஃப்பேக். எங்களுக்கு அது ஜே.டி. எல்லாம் சொல்லி முடித்ததும், "அப்ப நம்ம கபடி மாதிரி" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியோரம் நின்று பழைய காயங்களை எண்ணிக் காட்டினார். கௌபாய்ஸ் 1995-ல் லீக்குக்குள் வந்த அணி, இன்னும் ஒரு கோப்பைகூட இல்லை. 2005 இறுதியாட்டத்தில் வெஸ்ட்ஸ் டைகர்ஸிடம் 30-16. 2013-ல் குரோனுல்லாவுக்கு நடுவர்கள் கணக்குத் தப்பி ஏழாவது டாக்கிளையும் கொடுக்க, அதில் ஒரு ட்ரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றிப் புள்ளி எடுப்பது) விழுந்து, ஆட்டம் 20-18 என்று கைவிட்டுப் போனது. போன வருடம் ரூஸ்டர்ஸிடம் 30-0 பின்தங்கி, 30-30 வரை இழுத்துக்கொண்டு வந்து, 31-30-ல் தோல்வி. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "இந்த வருஷம் நம்ம வருஷம்" என்றார். மூன்று தோல்விக்குப் பிறகு இப்படிச் சொல்ல ஒரு தெம்பு வேண்டும்.

29 செப்டம்பர் 2015, செவ்வாய்

நேற்றிரவு டாலி எம் விருது, ஆண்டின் சிறந்த வீரருக்கானது. தர்ஸ்டனுக்கு 2005, 2007, 2014, இப்போது 2015. நான்கு முறை வாங்கியவர் இதுவரை வேறு யாரும் இல்லை.

சின்ன வயதில் "இவ்வளவு ஒல்லியா இருக்கானே" என்று பல கிளப்புகள் இவரைத் திருப்பி அனுப்பியிருக்கின்றன. கடைசியில் இடம் கொடுத்தது சிட்னியின் கேன்டர்பரி புல்டாக்ஸ், முதல் ஆட்டம் 2002-ல். 2004 இறுதியாட்டத்துக்குக் கேப்டன் ஸ்டீவ் பிரைஸ் காயத்தால் இறங்க முடியாமல் போக, தர்ஸ்டனுக்கு வாய்ப்பு வந்தது. ரூஸ்டர்ஸை 16-13 என்று வென்றார்கள். வெற்றி மோதிரத்தைத் தர்ஸ்டன் பிரைஸிடமே கொடுத்துவிட்டார். அப்போது அவருக்கு 21 வயது. அடுத்த வருடம் இங்கே வந்துவிட்டார்.

நான் கவனிப்பது கொஞ்சம் வேறு. தொழில் ஃபிசியோதெரபி, அதனால் டிவியில் பந்து எங்கே போகிறது என்று பார்க்காமல், பந்தைக் கொடுத்துவிட்டு நிற்கிற ஆளையே பார்க்கிற பழக்கம். ஹாஃப்பேக் பந்தைக் கடைசி நொடிவரை கையில் வைத்திருந்தால்தான் தடுப்பவர் இவரை நோக்கி வருவார், பக்கத்து ஆளுக்கு வழி திறக்கும். பந்து போன மறுகணம், நூறு கிலோ ஆள் ஒருவர் விலாவில் வந்து மோதுவார். கை இரண்டும் பந்தை வீசிய நிலையில் முன்னால் நீண்டிருக்கும்; உடம்பைக் காத்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. இவர் அந்த அடியை வாங்கிக்கொண்டு, எழுந்து, அடுத்த பந்துக்குப் போய் நிற்கிறார். போகிற வழியில் நடுவரிடம் ஒரு வாக்குவாதமும் உண்டு. நடுவரிடம் இவ்வளவு பேசுகிற ஆளை நான் பார்த்ததில்லை. எனக்கு நடுவர்கள்மேல்தான் பரிதாபம்.

4 அக்டோபர் 2015, ஞாயிறு, நள்ளிரவு தாண்டி

தெருவில் ஹாரன் சத்தம் இன்னும் அடங்கவில்லை. விடிந்தால் தொழிலாளர் தின விடுமுறை, அதனால் யாரும் தூங்குவதாக இல்லை. இன்று இறுதியாட்டம் நடந்த சிட்னியில் கோடைக்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். எங்கள் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் அந்த வழக்கம் கிடையாது. வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னாலேயே டிவி முன் உட்கார வேண்டியிருந்தது. இறுதியில் மோதிய இரண்டு அணியும் குயின்ஸ்லாந்து அணிகள், இப்படி நடப்பது இதுவே முதல்முறை. எதிரே பிரிஸ்பேன் பிராங்கோஸ். சாலை வழியே 1,300 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே இருக்கும் பெரிய ஊர், பெரிய பணம், அலமாரி நிறையக் கோப்பை.

பிராங்கோஸ் 16-12. நேரம் தீர்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் எங்கள் வீட்டு சோஃபாவைவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார், பார்க்க முடியவில்லையாம். பந்து தர்ஸ்டன் கைக்கு வந்தது. முன்னால் வழியில்லை. பின்னால் வந்தார், ஒருவரை ஏய்த்தார், இன்னொருவர் பிடியிலிருந்து நழுவினார், வலப்பக்கம் சக ஆட்டக்காரர் மைக்கேல் மோர்கனிடம் தள்ளினார். மோர்கன் இரண்டு பேரைத் தன்மேல் இழுத்துக்கொண்டு, புறங்கையால் கைல் ஃபெல்ட்டுக்கு ஒரு தட்டு. மூலையில் ட்ரை. சைரன். 16-16.

ட்ரைக்குப் பிறகான உதை கோல் கம்பங்களுக்கு நடுவே போனால் இரண்டு புள்ளி, கோப்பை. ஆனால் ட்ரை எந்த நேர்கோட்டில் விழுந்ததோ அந்தக் கோட்டில் நின்றுதான் உதைக்க வேண்டும். அதாவது வலது ஓரம். வலது காலால் உதைக்கிறவருக்கு இதைவிட மோசமான இடம் மைதானத்தில் இல்லை. என் மகள் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தாள். பந்து நன்றாகத்தான் கிளம்பியது. கம்பத்தில் பட்டு வெளியே விழுந்தது.

பிறகு கோல்டன் பாயின்ட், யார் முதலில் புள்ளி எடுத்தாலும் ஆட்டம் முடிந்தது. தொடக்க உதையை பிராங்கோஸின் பென் ஹன்ட் கைநழுவவிட்டார். நல்ல ஆட்டக்காரர், இந்த ஒரு நொடியை வைத்து இனி அவரை எத்தனை வருடம் வறுப்பார்களோ. கம்பத்துக்கு அருகிலேயே பந்து கௌபாய்ஸுக்குக் கிடைத்தது. தர்ஸ்டன் ஃபீல்ட் கோல், அதாவது ஆட்டத்தின் ஓட்டத்திலேயே கம்பங்களுக்கு நடுவே, உதைத்தார், ஒரு புள்ளி. 17-16.

ஆட்ட நாயகனுக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கமும் அவருக்கே. எல்லாம் முடிந்தபின் அவர் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு மைதானத்தில் உட்கார்ந்திருந்தார். குழந்தை கையில் கறுப்பு நிறப் பொம்மை. தர்ஸ்டன் தாய்வழியில் குங்கரி இனத்தவர், இந்த மண்ணின் பூர்வகுடி. அந்தப் பொம்மை எத்தனை வீடுகளில் கண்ணில் பட்டிருக்கும் என்று மனைவி கேட்டாள். எனக்கும் கோப்பையைவிட அந்தக் காட்சிதான் பிடித்தது.

6 அக்டோபர் 2015, செவ்வாய்

கிளினிக்கில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களுக்குக் குரல் இல்லை.

22 ஜூன் 2017, வியாழன்

ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் பற்றி அண்ணனுக்கு இன்னும் விளக்கவில்லை. விளக்கினால் சாதிச்சண்டை மாதிரி இருக்கிறதே என்பார். எந்த மாநிலத்தில் ஆடி வளர்ந்தாயோ அந்த மாநிலத்துக்கு, வருடம் மூன்று ஆட்டம், குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும். தர்ஸ்டன் 2005-ல் தொடங்கி 2016 வரை ஒன்றுவிடாமல் தொடர்ந்து 36 ஆட்டம் ஆடினார். நடுவில் 2006 முதல் 2013 வரை எட்டுத் தொடரும் குயின்ஸ்லாந்துக்கே. ஒரு காய்ச்சல், ஒரு தசைப்பிடிப்புகூட இடையில் வராமலா இருந்திருக்கும்? என் மேஜைக்கு வருகிற அலுவலக ஊழியர்களே மூன்று வருடம் தொடர்ந்து நலமாக இருப்பதில்லை.

இந்த வருட முதல் ஆட்டத்தில் அவர் காயத்தால் இல்லை. 28-4 என்று உதை வாங்கினார்கள். நேற்று சிட்னியில் திரும்பி வந்தார், 37-வது. முதல் பாதியிலேயே தோள்பட்டை போய்விட்டது. அவர் கையைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. முழங்கை உடம்போடு ஒட்டியிருந்தது, தோள் முன்னால் சரிந்திருந்தது, டாக்கிளுக்குப் போகும்போது நல்ல தோளைக் கொடுக்க உடம்பை முழுக்கத் திருப்பினார். வெளியே உட்கார வைப்பார்கள் என்று நினைத்தேன். ஆடினார்.

இடைவேளையில் 16-6 பின்னால். கடைசி நிமிடங்களில் குயின்ஸ்லாந்தின் டேன் ககாய் ட்ரை போட்டு 16-16. மீண்டும் ஓரத்திலிருந்து உதை. உதைப்பது காலின் வேலை என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். கை வீச்சுதான் இடுப்பைத் திருப்புகிறது, இடுப்புதான் காலைக் கொண்டுவருகிறது. தோள் கிழிந்த ஆளால் அந்த வீச்சு முழுதாக முடியாது. ஒவ்வொரு அடியிலும் வலி மின்னும். ஓடி வந்தார், உதைத்தார். பந்து கம்பங்களுக்கு நடுவே போயிற்று. 18-16.

ஊரே அவரை வீரன் என்கிறது. என் நோயாளி இப்படிச் செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

13 ஜூலை 2017, வியாழன்

தொடர் குயின்ஸ்லாந்துக்கு. நேற்று மூன்றாவது ஆட்டம் 22-6. தர்ஸ்டன் கையைத் தூளியில் போட்டுக்கொண்டு, மற்றொரு கையால் கேப்டன் கேமரன் ஸ்மித்தோடு சேர்ந்து கேடயத்தைத் தூக்கினார். ஆரிஜினில் இனி அவர் இல்லை. அறுவை சிகிச்சை, சீசன் முடிந்தது. இப்படிப்பட்ட தோளுக்குப் பொதுவாக ஆறு வாரம் தூளி, மோதலுக்குத் திரும்ப ஆறு மாதம் தாண்டும். மார்ச்சுக்குள் ஆகிவிடும். ஆனால் 35-ஐ நெருங்கும் உடம்பு.

2 அக்டோபர் 2017, திங்கள்

அவர் இல்லாமலேயே, எட்டாம் இடத்தில் தட்டுத்தடுமாறி உள்ளே நுழைந்த கௌபாய்ஸ் இறுதியாட்டம் வரை போய்விட்டார்கள். மோர்கன் தோளில்தான் எல்லாம். நேற்று மெல்போர்ன் 34-6 என்று நசுக்கிவிட்டது. அது பரவாயில்லை. ஜே.டி. இல்லாவிட்டால் இந்த அணி ஒன்றுமே இல்லை என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் இன்று வாய் திறக்கவில்லை. எனக்கு அதில் ஒரு சின்னத் திருப்தி.

25 ஆகஸ்ட் 2018, சனி

நேற்று உள்ளூரில் அவருடைய கடைசி ஆட்டம். குடும்பத்தோடு போனோம். இந்த வருடம் அணி பட்டியலில் கீழே கிடக்கிறது, பிளேஆஃப் இல்லை. ஆனாலும் இடமில்லாத கூட்டம். பாராமட்டாவை 44-6.

ஆட்டத்தைவிட, கோல் உதைக்கும் இடத்துக்கு 'டீ'யை, அதாவது பந்தை நிறுத்தி வைக்கும் சின்னத் தாங்கியை, கொண்டுவரும் பையனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உதைத்து முடித்ததும் தர்ஸ்டன் அந்தத் தாங்கியைத் தரையில் விட்டுவிட்டு ஓடமாட்டார். எடுத்து, பையன் கையில் கொடுத்து, நன்றி சொல்லிவிட்டுத்தான் நகர்வார். தலைக்கவசத்தையும் ஏதாவது ஒரு குழந்தைக்குக் கொடுப்பது அவர் வழக்கம். கேமரா பார்ப்பதற்காகச் செய்கிறார் என்று மகள் சந்தேகப்பட்டாள், வயது அப்படி. பத்து வருடத்துக்கு மேலாகக் கேமரா இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதையேதான் செய்கிறார் என்று முன்வரிசைப் பாட்டி ஒருவர் திரும்பி அவளை அதட்டினார்.

2 செப்டம்பர் 2018, ஞாயிறு

ரொபினாவில் கோல்ட் கோஸ்ட் டைட்டன்ஸோடு நேற்று கடைசி ஆட்டம், 30-26 வெற்றி. ஆஸ்திரேலியாவின் முதன்மை ரக்பி லீக் போட்டியான என்.ஆர்.எல்-லில் மொத்தம் 323 ஆட்டம். ஒல்லி என்று திருப்பி அனுப்பப்பட்ட உடம்பு அது.

மாலை பக்கத்து வீட்டுப் பெரியவரோடு சண்டை. அடுத்த வருடம் ஏழாம் எண்ணை மோர்கனுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறேன் நான். மோர்கன் ஆறாம் எண்ணுக்குப் பிறந்தவர், ஓடவிட்டால்தான் ஆபத்தானவர், உதைக்கிற வேலையைக் கட்டிவைத்து அவரைக் கெடுக்காதீர்கள் என்கிறார் அவர். 2017-ல் இரண்டு வேலையும் செய்யவில்லையா என்றேன். ஒரு வருடம் செய்ததை வைத்துச் சொல்லாதே என்றார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தும் இருவரும் நிறுத்தவில்லை. மார்ச் வரை இது ஓடும்.