மதிலுக்கு அந்தப் பக்கம் கொடி

கொடிக்கும் எனக்கும் நடுவில் ஒரு கல்மதில் நின்றது. பெரிய உயரமில்லை, ஆட்டுப்பட்டிக்குக் கட்டுவார்களே, அப்படிக் கல்லடுக்கிய சுவர். அதை ஒட்டி அந்தப் பக்கம் பள்ளத்தில் கிரீன், கொடி நட்ட குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை. அதற்கும் அப்பால் மணல்மேடு, பிறகு கடல். ஸ்காட்லாந்தில் நார்த் பெர்விக் ஊரின் வெஸ்ட் லிங்க்ஸ் கோல்ஃப் திடலில் இது பதின்மூன்றாவது குழி. பெயர் ‘பிட்’. குழிக்குக் குழி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அடித்தேன். பந்து மதிலின் தலையில் ‘டக்’கென்று பட்டு நேர்மேலே எழும்பியது. மதில்மேல் பூனை என்று இத்தனை நாள் பேச்சுக்குச் சொல்லிவந்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். பூனை என் பக்கமே குதித்தது.

“மதிலை ஏன் இடிக்காமல் விட்டார்கள்?” என்று கேடியிடம் கேட்டேன். பை சுமந்து வழிகாட்டும் உதவியாளரைத்தான் சொல்கிறேன். தமிழில் எழுதினால் போலீஸ் பதிவேட்டு ஆசாமி போலத் தோன்றுவதற்கு நான் பொறுப்பில்லை. அறுபது வயதைத் தாண்டியவர். “மதில்தான் முதலில் வந்தது, நீங்கள் பிறகு வந்தீர்கள்” என்றார்.

எடின்பரோவின் வேவர்லி நிலையத்திலிருந்து ரயிலில் அரைமணி நேரம், பிறகு கொஞ்சம் நடை. வந்து சேர்வது அவ்வளவு எளிது. என் மட்டைகள்தான் வரவில்லை. விமானத்தில் ஏற்றிய பை எந்த ஊரில் இறங்கியதோ, நான் வாடகை மட்டைகளோடு நின்றேன். நண்பர்கள் மூவரும் இதை என் ஆட்டத்துக்கு முன்கூட்டியே கிடைத்த சாக்கு என்றார்கள். மறுக்கவில்லை.

கடலுக்கும் உழவுநிலத்துக்கும் நடுவே எதற்கும் உதவாமல் கிடந்த மணல்வெளியைத்தான் இங்கே லிங்க்ஸ் என்கிறார்கள். ஏர் ஓட்ட முடியாது. ஆடு மேய்க்கலாம், பந்து அடிக்கலாம். மணல் மழைநீரை உடனே குடித்துவிடுவதால் தரை இறுகிக் கிடக்கிறது. உப்புக்காற்றில் வளரும் மெல்லிய ஃபெஸ்க்யூ புல், கோரைப்பாய் போலக் காலடியில் சரசரக்கிறது. இந்த ஊரின் கோல்ஃப் கிளப் 1832-இல் தொடங்கியது. வெட்டிச் சமன் செய்யும் இயந்திரங்கள் இல்லாத காலம் என்பதால், மேட்டை மேடாகவும் பள்ளத்தைப் பள்ளமாகவும் விட்டு ஆடப் பழகியிருக்கிறார்கள்.

நான் ஊட்டியில் மட்டை பிடித்தவன். பந்தை வானத்துக்கு ஏற்றி, மழையில் ஊறிய புல்லில் ‘பொத்’தென்று இறக்குவதுதான் எனக்குத் தெரிந்த வித்தை. இங்கே அது செல்லவில்லை. முதல் பாதி மேற்கு நோக்கிப் போகிறது, எதிர்க்காற்று. உயரே போன பந்தைக் காற்று கையில் வாங்கிப் பக்கத்தில் போட்டது. இரண்டாவது குழியில் வலப்புறம் முழுக்கக் கடற்கரை. என் பந்தும் அங்கே இறங்கி, நாயோடு உலாவந்த ஓர் அம்மாவின் காலடியில் நின்றது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஊட்டியிலிருந்து தெரிந்த ஒரே முகம் கோர்ஸ் புதர்தான். முள்ளும் மஞ்சள் பூவுமாக நீலகிரியில் களையாகப் பரவிக் கிடக்கிறதே, வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த அதே செடி. மே மாதமாதலால் பூத்துக் குலுங்கியது. பந்து தேட அதற்குள் குனிந்தபோது தேங்காய் வாசனை அடித்தது. சத்தியமாகத் தேங்காய், அப்போதுதான் துருவியது போல. ஊட்டியில் எத்தனையோ முறை அதில் பந்தைத் தொலைத்திருக்கிறேன், ஒருநாளும் முகர்ந்து பார்த்ததில்லை.

பதினைந்தாவது குழியான ‘ரெடான்’ முன் நின்றபோது மற்றதெல்லாம் மறந்துபோனது. கிரிமியப் போரில் செவஸ்தபோலில் ஆங்கிலேயரைத் திணறடித்த ரஷ்யக் கொத்தளத்தின் பெயர் அது. அமெரிக்காவில் திடல் வடிவமைப்பாளர் சார்லஸ் பிளேர் மெக்டொனால்ட் தன் நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸ் திடலின் நான்காவது குழியை இதைப் பார்த்துத்தான் அமைத்தார். அங்கிருந்து இந்த அமைப்பு பல திடல்களுக்குப் பரவியது. மூலப்பிரதி என்னவோ சாதுவாகத்தான் தெரிகிறது. நீளம் ஏறக்குறைய 190 கஜம். நடுவில் ஒரு மேடு கிரீனை மறைக்கிறது. கொடியின் நுனி மட்டும் தெரிகிறது. இடது முன்பக்கம் ஆழமான பங்கர், பந்தை விழுங்கும் மணற்பள்ளம். கிரீன் முன்வலத்திலிருந்து பின்னிடத்துக்குச் சரிகிறது, அதாவது நம்மைவிட்டு விலகிச் சரிகிறது.

“கொடியைப் பார்க்காதீர்கள்” என்றார் கேடி. “வலது ஓரத்துக்குத் தாழ அடியுங்கள். மீதியைத் தரை பார்த்துக்கொள்ளும்.”

இருபது வருடமாகக் கொடியைக் குறிவைத்தே பழகிய கைக்கு இது பெரிய அவமானம். இருந்தாலும் அடித்தேன். தாழப் பறந்த பந்து மேட்டின் வலத்தோளில் விழுந்து ஒருமுறை துள்ளி, மெதுவாக இடப்புறம் திரும்பியது. பிறகு மறைந்துவிட்டது. எங்கே போனது, நின்றதா, ஓடுகிறதா, ஒன்றும் தெரியாது. நடந்துபோய்ப் பார்க்கும் அந்த இரண்டு மூன்று நிமிடத்துக்காகவே மறுபடி இங்கே வரலாம். தூரத்தில் பாஸ் ராக், கடலிலிருந்து எழுந்த ஒற்றைப் பாறை, கேனட் பறவைகளால் வெள்ளையடித்தது போல இருந்தது. அந்தப் பறவையின் அறிவியல் பெயரிலேயே இந்தப் பாறையின் பெயர் இருக்கிறது. மேடேறினேன். குழிக்கு நாலடியில் பந்து.

அந்த நாலடியை மூன்று தட்டில் முடித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். நண்பர்கள் எழுதாமல் விடமாட்டார்கள்.

கடைசிக் குழியின் வலப்புறம் நெடுகச் சாலை. அதன் ஓரமாகக் கார்கள் வரிசையாக நின்றன, ஒரு புத்தம்புதிய கறுப்புக் கார் உட்பட. கேடி மட்டையை எடுத்து நீட்டினார். ஆனால் உடனே அதிலிருந்து கையை எடுக்கவில்லை.

“இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறீர்களா?” என்று கேட்டார்.