கனேலோ மலையடிவாரத்தில் டென்ட் போட்ட அனுபவம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் என்றாலே கள்ளிச்செடியும் வெயிலும்தான் பலருக்கு ஞாபகம் வரும். டூசான் நகரத்திலிருந்து தெற்கே சொனொய்ட்டா பக்கம் ஏறிப் பாருங்கள். கிட்டத்தட்ட 5000 அடி உயரத்தில் கள்ளி காணாமல் போய், கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி விரியும். மேட்டுச்சரிவெல்லாம் ஓக் மரங்கள். அதற்கும் தெற்கே கனேலோ குன்றுகளும் சான் ரஃபயேல் பள்ளத்தாக்கும் மெக்சிகோ எல்லை வரை போகின்றன. இந்தப் பகுதியின் பெரும்பாலான பொது நிலம் கொரனாடோ தேசிய வனத்துக்குள் வருகிறது. அங்கே போய்த் தங்க நாங்கள் என்னென்ன செய்தோம் என்பதை, போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இப்படி முகாம் மைதானம் இல்லாத காட்டு நிலத்தில் டென்ட் போட்டுத் தங்குவதை வனத்துறை டிஸ்பர்ஸ்ட் கேம்பிங் என்கிறது. முன்பதிவும் கட்டணமும் இல்லை. கழிப்பறை, குழாய், குப்பைத்தொட்டி, மேசை எதுவும் இருக்காது. ஒரே இடத்தில் அதிகபட்சம் 14 நாள் தங்கலாம். அதற்காகக் கண்ட இடத்தில் டென்ட் போட்டுவிட முடியாது. பள்ளத்தாக்கின் நடுவில் தனியார் பண்ணைகள் நிறைய. எது யாருடைய நிலம் என்று புல்லைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

அதனால் முதல் வேலை வரைபடம். வனத்துறை இலவசமாகத் தரும் 'மோட்டார் வெஹிக்கிள் யூஸ் மேப்' என்ற கறுப்பு வெள்ளை வரைபடம்தான் இங்கே சட்டம். அதில் மேடு பள்ளமெல்லாம் இருக்காது. சாலைகளும் அவற்றின் எண்களும் மட்டும்தான். எந்தச் சாலையோரம் கேம்பிங்குக்கு வண்டியை இறக்கலாம் என்றும் அதிலேயே இருக்கும். நான் அதை அவென்ஸா செயலியில் இறக்கி வைத்துக்கொண்டேன். சிக்னல் இல்லாத இடத்திலும் நாம் நிற்கும் புள்ளியைக் காட்டிவிடும். அதற்குமேல் நிலத்தின் ஏற்ற இறக்கம் தெரிய வேறொரு வரைபடம் தேவைப்பட்டது.

அங்கே போனதும் நண்பன் ஒரு டயர்த் தடத்தைக் காட்டினான். "மச்சான், ரோடு நல்லாத்தானே இருக்கு, உள்ள போயிடலாமே?"

"மேப்ல இல்லடா. மேப்ல இல்லாத ரோட்டுல வண்டி போகவே கூடாது."

கண்ணெதிரே தடம் இருந்தாலும் அந்த வரைபடத்தில் இல்லையென்றால் அது வண்டிக்கு மூடிய பாதைதான். புல்தரையில் விழுந்த சக்கரத்தடம் மறைய வருடக்கணக்கில் ஆகும் என்பதால் இந்த விதியை நான் மனதார ஆதரிக்கிறேன்.

அடுத்தது படல், அதாவது வேலிக் கதவு. இது மாடு மேயும் பூமி. சில இடங்களில் மாடு தாண்டாதபடி சாலையின் குறுக்கே இரும்புக் குழாய்கள் பதித்திருப்பார்கள், அதன்மேல் வண்டியை ஓட்டிப் போய்விடலாம். மற்ற இடங்களில் முள்கம்பிப் படல்தான். திறந்ததும் கம்பியெல்லாம் தளர்ந்து தரையில் சுருண்டுவிடும். மூடும்போது, படலின் கடைசிக் கட்டையை முதலில் தூணின் கீழ்வளையத்துக்குள் நட்டு, தோளைக் கொடுத்துத் தூணோடு நெருக்கி, பிறகு மேல்வளையத்தை மாட்ட வேண்டும். கட்டை கடைசி ஒரு அங்குலத்துக்கு வரவே வராது. கையுறை இல்லாமல் இதைத் தொடாதீர்கள். மூடியிருந்த படலை மூடிவிட்டுப் போக வேண்டும், திறந்திருந்ததைத் திறந்தபடியே விட வேண்டும். பண்ணைக்காரர் ஏதோ காரணத்தோடுதான் அப்படி விட்டிருப்பார்.

இடம் தேடும்போது மாடுகள் குடிக்கும் மண் குட்டைகள் கண்ணில் படும். தண்ணீரைப் பார்த்ததும் பக்கத்திலேயே தங்கத் தோன்றும். ஆனால் வேறு தண்ணீர் இல்லாத இடத்தில், மாடோ காட்டு விலங்கோ வர முடியாதபடி நீர்நிலையிலிருந்து கால் மைலுக்குள் தங்குவதை அரிசோனா சட்டம் தடுக்கிறது. மானும் ஹவலீனா என்கிற காட்டுப்பன்றி போன்ற விலங்கும் இருட்டிய பிறகு அங்கே வந்தாக வேண்டும். நாம் விளக்கும் பேச்சுமாக உட்கார்ந்திருந்தால் அவை திரும்பிப் போய்விடும்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது முன்பே யாரோ தங்கிய, புல் தேய்ந்து மண் தெரிந்த ஒரு திட்டு. புதுப் புல்லை மிதித்து இடம் பண்ணுவதைவிட இதுதான் சரி. வண்டியை நிறுத்தவும் வெறும் மண் வேண்டும். காரின் அடியில் உள்ள, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கொதிக்கிற சூட்டில் இருக்கும். காய்ந்த புல் அதில் பட்டாலே தீப்பிடிக்கலாம். அடியில் சிக்கிய புல்லை நிறுத்தும்போதெல்லாம் குனிந்து பார்த்து, சூடு ஆறியதும் எடுத்துவிட்டோம். கிளம்பும் முன்பு ரேஞ்சர் அலுவலகத்துக்குப் போன் செய்து தீக்கட்டுப்பாடு உண்டா என்று கேட்டோம். இல்லை என்றார்கள். ஆனாலும் நாங்கள் விறகு மூட்டவில்லை. இடுப்பளவு காய்ந்த புல்லும் சாயங்காலக் காற்றும் இருக்கும் ஊரில் அனுமதி இருந்தாலும் தீ வேண்டாம் என்பதுதான் என் முடிவு. கேஸ் அடுப்பு போதும்.

விறகு பொறுக்காததால் ஒரு பட்ட ஓக் மரத்தை நிதானமாகப் பார்க்க முடிந்தது. அடிமரம் முழுக்கத் துளை. ஒவ்வொரு துளையிலும் ஒரு ஓக் கொட்டை இறுக்கிச் செருகியிருந்தது. ஏகார்ன் மரங்கொத்தியின் களஞ்சியம் அது. கொட்டை காய்ந்து சுருங்கியதும் பறவை அதை எடுத்துச் சின்னத் துளைக்கு மாற்றும். பட்ட மரம்தானே என்று வெட்டினால் ஒரு பறவைக் கூட்டத்தின் குளிர்காலச் சாப்பாடே போய்விடும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்பது பொதுக்கணக்கு. நம்மவர்கள் கழுவவும் தண்ணீர் தேவை என்பதால் அதைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். மலக்குழி 6 முதல் 8 அங்குல ஆழம், நீர்நிலைக்கும் ஓடைக்கும் 200 அடி தள்ளி. மண் கெட்டி, கல் அதிகம். பிளாஸ்டிக் கரண்டி போதாது, இரும்பு வேண்டும். காகிதம் பயன்படுத்தினால் ஜிப்லாக் பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவாருங்கள், புதைத்தால் விலங்குகள் தோண்டிவிடும். சாப்பாட்டை இரவில் காருக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

அக்டோபர் கடைசியும் நவம்பரும் நல்ல காலம். பகல் இதமாக இருக்கும், இரவில் நன்றாகவே குளிரும். அது மான் வேட்டைக் காலமும்கூட. நடக்கும்போது பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். மே, ஜூனில் பெரும்பாலும் தீக்கட்டுப்பாடு வந்துவிடும். ஜூலை முதல் பருவமழையில் மண்சாலை சேறாகும், காய்ந்த ஓடையில் திடீர் வெள்ளம் வரும்.

எல்லை பக்கத்தில் இருப்பதால் எல்லைக் காவல் வண்டிகள் அடிக்கடி கடந்து போகும். திரும்பி வடக்கே வரும் சாலையில் சோதனைச் சாவடியும் இருக்கலாம். எச்-1பி, எச்-4 விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள், பெரியவர்கள் எல்லாருடைய ஆவணங்களையும் அசலாகக் கையில் வைத்திருங்கள். போனில் உள்ள படத்தை நம்பிப் போக வேண்டாம்.