தள்ளுபடி நகராட்சி அலமாரியில் இருந்தது

நியூஜெர்சியில் ராரிட்டன் ஆற்றை ஒட்டிய சிறிய ஊர் எங்களுடையது. 2021 செப்டம்பர் முதல் தேதி, ஐடா புயலின் மிச்சம் இங்கே கொட்டித் தீர்த்தபோது, ஆறு எங்கள் தெருவின் பாதிவரை வந்துவிட்டுப் போனது. அதன்பின் ஊரில் இரண்டே பேச்சு: வீட்டின் கீழ்த்தளம் காய்ந்ததா, காப்பீட்டுப் பிரீமியம் எவ்வளவு ஏறியது.

இந்த நாட்டில் சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. அதற்குத் தனிப் பாலிசி வேண்டும். 1968இல் வந்த சட்டத்தின்கீழ் கூட்டாட்சி அரசே நடத்தும் திட்டம் ஒன்று இருக்கிறது. ஃபீமா என்ற கூட்டாட்சிப் பேரிடர் மேலாண்மை நிறுவனம் அதைக் கவனித்துக்கொள்கிறது. எந்த ஆண்டிலும் வெள்ளம் வர ஒரு சதவீத வாய்ப்பு உள்ளது என்று வரைபடத்தில் குறித்த பகுதியில் வீடு இருந்தால், கடன் கொடுக்கும் வங்கி வெள்ளப் பாலிசியைக் கட்டாயம் கேட்கும். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். 30 ஆண்டுக் கடன் காலம் முழுவதற்கும் கணக்கிட்டால் அது 26 சதவீதம்.

முன்பெல்லாம் வரைபடத்தில் வீடு எந்த மண்டலத்தில் இருக்கிறது என்பதே கட்டணத்தைப் பெரிதும் தீர்மானித்தது. 2022 ஏப்ரலுக்குப் பிறகு பழைய பாலிசிகளும் புதிய முறைக்கு வந்துவிட்டன. ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம், வீட்டின் தரைத்தளம் எவ்வளவு உயரம், வீட்டைத் திரும்பக் கட்ட எவ்வளவு செலவாகும் என்று ஒவ்வொரு வீட்டையும் தனியாக எடைபோடுகிறார்கள். குடியிருக்கும் சொந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டுக்கு 18 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று சட்டம் தடுக்கிறது. ஆனால் அந்த 18 சதவீதம் ஆண்டுதோறும் வந்தால் என்ன ஆகும் என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்க்க விரும்புவதில்லை.

தனி மனிதனாக என்னால் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். வெந்நீர்க் கொதிகலனை மேலே ஏற்றினேன்; வீட்டின் தரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று காட்டும் உயரச் சான்றிதழைச் சர்வேயரை வைத்து எடுத்தேன். அந்தச் சான்றிதழோடு நகராட்சி அலுவலகம் போனபோதுதான் கட்டட ஆய்வாளர் ‘சமூகத் தரமிடல்’ திட்டத்தைச் சொன்னார். 1990இலிருந்து இருக்கிறது. வெள்ள அபாயத்தைக் குறைக்க ஊர் நிர்வாகம் சட்டம் கேட்பதைவிட அதிகமாகச் செய்தால், ஃபீமா புள்ளிகள் தரும். 500 புள்ளிக்கு ஒரு வகுப்பு. பத்தாம் வகுப்பில் தள்ளுபடி இல்லை. அங்கிருந்து ஒவ்வொரு படிக்கும் ஊரில் பாலிசி வைத்திருக்கும் எல்லோருக்கும் 5 சதவீதம் குறையும். முதல் வகுப்பு என்றால் 45 சதவீதம். கலிபோர்னியாவின் ரோஸ்வில்தான் முதன்முதலில் அங்கே போய்ச் சேர்ந்தது. எங்கள் ஊர் பத்திலேயே உட்கார்ந்திருந்தது, விண்ணப்பமே போடாததால்.

விண்ணப்பிப்பதற்கு முன் நகராட்சி தன் கையைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். வெள்ளப் பகுதியில் அனுமதி கொடுத்த வீடுகள் விதிப்படி கட்டப்பட்டனவா என்று ஃபீமா தரப்பில் நேரில் வந்து பார்க்கிறார்கள். தூண்மேல் உயர்த்திய வீட்டின் அடியை அடைத்துப் படுக்கையறை ஆக்கியவர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். அவர்களைச் சரிசெய்ய வைப்பதில்தான் பெரும்பகுதி நேரம் போனது. அந்தப் பகையை ஆய்வாளர் தனியாகச் சுமந்தார். வேறு ஊழியர் யாரும் பக்கத்தில் வரவில்லை.

என்னை வியக்கவைத்தது புள்ளிக் கணக்கு. பாதிக்கு மேல் நாங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலைக்குக் கிடைத்தது. ஓடையில் குப்பை அள்ளுவது, ஆற்றங்கரைப் பூங்காவில் கட்டடம் வராமல் வைத்திருப்பது, வரைபட விவரம் கேட்டு வருபவருக்கு எடுத்துச் சொல்வது எல்லாமே புள்ளிதான். ஆனால் ஓடையைத் தூர்வாரினோம் என்று சொன்னால் போதாது. எந்த நாள், எந்த இடம், யார் பார்த்தது என்று ஏட்டில் இருக்க வேண்டும். பொதுப்பணித் துறைக்காரர்கள் இதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தார்கள், காகிதத்தில் இல்லை. பழைய உயரச் சான்றிதழ்கள் ஓர் அலமாரியில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. நானும் ஓய்வுபெற்ற இரண்டு ஆசிரியர்களும் உட்கார்ந்து பிரித்தோம். அலுப்பான வேலை, ஆனால் பணம் அங்கேதான் இருந்தது.

ஆறு பெருகினால் மூழ்கும் நிலத்துக்கான ‘வெள்ளச் சமவெளித் திட்டம்’ தயாரிப்பது வேறு கதை. அதற்குப் பத்துப் படிகள் வகுத்திருக்கிறார்கள்: குழு அமைப்பது, மக்களைக் கேட்பது, ஆபத்தை அளப்பது என்று தொடங்கி, நகரமன்றம் ஏற்றுக்கொள்வது, பிறகு ஆண்டுதோறும் சரிபார்ப்பது வரை. குழுவில் பாதிப் பேர் அரசு ஊழியர் அல்லாத குடிமக்களாக இருந்தால் கூடுதல் புள்ளி. அப்படித்தான் எனக்கு நாற்காலி கிடைத்தது.

சண்டை வந்தது ‘புளூ ஏக்கர்ஸ்’ பற்றி. அடிக்கடி மூழ்கும் வீடுகளை, விற்கச் சம்மதிப்பவர்களிடம் மாநில அரசு வாங்கி, இடித்து, அந்த நிலத்தை நிரந்தரமாகத் திறந்தவெளியாக விடும் திட்டம் அது. புள்ளிக் கணக்கில் அதற்கு நல்ல மதிப்பு உண்டு. ஆனால் வீடு போனால் சொத்து வரி போகும், பள்ளிக்கூட வரவுசெலவில் ஓட்டை விழும். “நீங்கள் பட்டியல் போடுகிறீர்கள், அது என் சமையலறை” என்று ஒரு பாட்டி எழுந்து நின்று சொன்னார். அவர் தெருவில் மூன்று பேர் ஏற்கெனவே விற்கத் தயாராக இருந்தார்கள். யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்று எழுதினோம். விற்க விரும்புவோருக்கு மனு எழுத நகராட்சி உதவும் என்றும் எழுதினோம். அதற்கு மேல் ஒரு குழு போகக்கூடாது என்பது என் கருத்து. எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை.

எட்டாம் வகுப்புக்கு ஒரு நிபந்தனை உண்டு: வெள்ளப் பகுதியில் புதிதாகக் கட்டும் வீட்டின் தரைத்தளம் வெள்ள மட்டத்துக்கு மேல் குறைந்தது ஓர் அடி இருக்க வேண்டும். 2023 ஜூலையில் மாநில அரசு ஆற்றோர வெள்ள மட்டத்தையே இரண்டு அடி உயர்த்திக் கணக்கிடச் சொல்லிவிட்டதால், எங்களுக்கு இதில் வம்பு இல்லை.

எட்டாம் வகுப்பு கிடைத்தது. 10 சதவீதத் தள்ளுபடி. ஆளாளுக்கு விண்ணப்பிக்க வேண்டியதில்லை, புதுப்பிக்கும்போது பாலிசித் தாளிலேயே வந்துவிடும். பில் குறையும் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். 18 சதவீதம் ஏறிய மொத்தத் தொகையில் 10 சதவீதம் கழித்தால், பழையதைவிட 6 சதவீதம் அதிகமாகத்தான் நிற்கும். இதை முன்கூட்டியே கூட்டத்தில் சொல்லியிருந்தோம். எண்களைக் கேட்க யாருக்கும் பொறுமை இருக்கவில்லை.

ஆண்டுக்கொரு முறை எல்லாவற்றுக்கும் ஆதாரம் காட்டி உறுதி செய்ய வேண்டும், இல்லையென்றால் வகுப்பு இறங்கிவிடும். ஓடை ஏடு இப்போது ஒழுங்காக எழுதப்படுகிறது. ஏழாம் வகுப்புக்கு மழைநீர் வடிகால் விதியை இறுக்க வேண்டும், கட்டுமானக்காரர்கள் எதிர்க்கிறார்கள். அடுத்த மாதம் நகரமன்றத்தில் வாக்கெடுப்பு.